அம்மாவின் கொலஸ்ட்ரோல் 262: தேங்காயை நிறுத்தியும் இறங்கவில்லை, மினரல் குளிசை வாங்கலாமா?

வாவிக்கரைப் பிள்ளை (கல்லடி):

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. நாலு மாதத்துக்கு முதல் கிளினிக்கில் பார்த்தபோது மொத்தக் கொலஸ்ட்ரோல் 254. சாப்பாட்டைக் கட்டுப்படுத்திவிட்டு மறுபடி வாருங்கள் என்றார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் திருவலைக்கு வேலை இல்லை. சொதி இல்லை, சம்பல் இல்லை. வாவி இறால் வாசலுக்கு வந்தாலும் அப்பா வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார். முட்டையில் வெள்ளைக் கரு மட்டும்தான். இவ்வளவு செய்தும் போன கிழமை ரிப்போட்டில் 262 என்று வந்திருக்கிறது. எச்.டி.எல் (நல்ல கொலஸ்ட்ரோல்) 48, ட்ரைகிளிசரைட் (இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பு) 170, எல்.டி.எல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) 180. அம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அழுதுவிட்டா.

இப்போது அவ சாப்பிடுவது: காலையில் பாண், மாஜரின். மத்தியானம் சோறு, மரக்கறி, பருப்பு. இரவும் பாண் அல்லது கிறீம் கிறேக்கர். இடையில் மூன்று தரம் பால்மாத் தேத்தண்ணி.

அப்பாவின் நண்பர் ஒருவர் ஒரு போத்தல் குளிசை கொண்டுவந்தார். மக்னீசியம், சிங்க், குரோமியம் சேர்ந்தது, மூன்று மாதத்தில் கொலஸ்ட்ரோலைக் கரைக்கும் என்கிறார். மாதத்துக்கு 6,500 ரூபா. ஒரு குளிசையில் சிங்க் 50 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு போட வேண்டுமாம். இதைத் தொடங்கலாமா?

ஆய்வுகூடத் தம்பி (மட்டக்களப்பு):

அக்கா, நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவன். முதலில் அம்மாவுக்கு ஒன்று சொல்லுங்கள். 254க்கும் 262க்கும் இடையில் உள்ள வித்தியாசம் ஏற்றமே இல்லை. ஒரே ஆளின் இரத்தத்தை வேறு வேறு நாளில் எடுத்தாலே மொத்தக் கொலஸ்ட்ரோல் நூற்றுக்கு ஐந்தாறு மேலும் கீழுமாக ஆடும். அதனால் கூடிவிட்டது என்று அழத் தேவையில்லை. குறையவில்லை என்பதுதான் கேள்வி.

இன்னொன்று. பல ரிப்போட்டுகளில் எல்.டி.எல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972இல் வந்த ஒரு கணக்கை வைத்துப் போடுவோம். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைட்டில் ஐந்தில் ஒன்றையும் கழிக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 262இல் 48 போக 214, அதில் 34 போக 180. கணக்குச் சரி. ட்ரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பிழைக்கும், இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே 180 என்பதை நம்பலாம்.

தென்னந்தோட்டம் (திருக்கோவில்):

தங்கச்சி, வாசிக்கும்போதே மனம் நொந்துபோச்சு. எங்கள் அப்பப்பா காலத்திலிருந்து தேங்காய்ப்பாலில் வளர்ந்த சனம் நாங்கள். அந்தக் காலத்தில் யாருக்கு மாரடைப்பு வந்தது? பால் சொதியும் புட்டும் சாப்பிட்டுவிட்டு வயலில் விடிய விடிய நின்றார்கள். பசிபிக் கடலில் தொக்கெலாவ் என்று தீவுகள் இருக்கின்றன. அங்கே சாப்பாட்டின் சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்துதான். அவர்களுக்கு இருதய நோய் அரிது என்று 1981லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். தேங்காயை நிறுத்தினீர்கள், என்ன நடந்தது? ஒன்றும் குறையவில்லை. அதுவே சாட்சி.

பழைய மிஸ்ஸி (ஆரையம்பதி):

மகள், நான் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். கிளினிக் வாங்கில் உங்கள் அம்மாவைப் போல எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள், தேங்காயை நிறுத்திவிட்டு பாணுக்கும் பிஸ்கட்டுக்கும் போகிறார்கள்.

திருக்கோவில் தம்பி கோபிக்க வேண்டாம். தேங்காய்க் கொழுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு நிரம்பிய கொழுப்பு, அதாவது நெய், வெண்ணெய் போலக் குளிரில் உறையும் வகை. அது கெட்ட கொலஸ்ட்ரோலை ஏற்றும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2020இல் 16 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மற்ற மரக்கறி எண்ணெய்களோடு ஒப்பிட, தேங்காய் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல் சுமார் 10 புள்ளி கூட இருந்தது. எச்.டி.எல்லும் 4 புள்ளி கூடியது. நல்லதும் கூடியதுதானே என்று கேட்கலாம். ஆனால் கெட்டது கூடுவதை அது ஈடுசெய்யும் என்று நம்ப முடியாது.

ஏன் ஏறுகிறது என்று விளங்கினால்தான் சமையலில் என்ன செய்யலாம் என்பதும் விளங்கும். இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்லை ஈரல் பிடித்து உள்ளே எடுக்கிறது. அதற்கென்று ஈரலின் மேற்புறத்தில் ஏற்பிகள் இருக்கின்றன. வாவியில் அத்தாங்கு போட்டு இறால் அள்ளுகிற மாதிரி. நிரம்பிய கொழுப்பு கூடினால் அந்த அத்தாங்குகள் குறைந்துபோகும். எள், சூரியகாந்தி, சோயா போன்றவற்றின் கொழுப்பு அவற்றைக் கூட்டும். அதாவது நாங்கள் தின்ற கொலஸ்ட்ரோல் அப்படியே நாளத்தில் போய் ஒட்டுவதில்லை. உடம்பில் உள்ளதில் பெரும்பகுதி உடம்பே செய்தது. அதை அள்ளி எடுக்கும் வேகத்தைத்தான் சாப்பாடு மாற்றுகிறது.

ஒரு தேங்காய்க் கணக்குப் பாருங்கள். நடுத்தரத் தேங்காய் ஒன்றைத் திருவினால் 300 கிராம் அளவில் பூ வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு, 100 கிராம், கொழுப்பு. நிரம்பியது 90 கிராம். நாலு பேர் உள்ள வீட்டில் அதை முழுதாகச் சாப்பிட்டால் ஆளுக்கு 22 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, நாளில் கிடைக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிரம்பிய கொழுப்பிலிருந்து வரக்கூடாது என்று. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 22 கிராம்தான். ஒரு தேங்காயிலேயே எல்லை முட்டிவிடுகிறது. ஆனால் பால் பிழிந்தால் சக்கையோடு கொஞ்சம் போகும். முதற்பாலை விட்டு இரண்டாம் பாலில் சொதி வைத்தால் இன்னும் குறையும். அரைத் தேங்காயில் முடிக்கப் பழகினால் சொதியைக் கைவிடத் தேவையே இல்லை.

இனி அம்மாவின் சாப்பாடு. முழு ஆடைப் பால்மாவில் நூற்றுக்கு 26, 28 கொழுப்பு. கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி குவித்துப் போட்டால் 5 கிராம் கொழுப்பு, மூன்று கோப்பைக்கு 15. அதில் 10 கிராம் நிரம்பியது. சொதியில் விட்டதைத் தேத்தண்ணியில் எடுத்துக்கொண்டா. பாணும் சீனியும் ட்ரைகிளிசரைட்டை ஏற்றும். 170 எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

மாஜரின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திரவ எண்ணெயைக் கட்டியாக்க ஐதரசன் ஏற்றும்போது ட்ரான்ஸ் கொழுப்பு உண்டாகும். 1990இல் நெதர்லாந்தில் நடந்த பரிசோதனை ஒன்றில் அது எல்.டி.எல்லை ஏற்றியதோடு நின்றுவிடாமல் எச்.டி.எல்லையும் இறக்கியது. நிரம்பிய கொழுப்புக்குக்கூட அந்த இரண்டாவது குணம் இல்லை. இப்போது பல மாஜரினில் ட்ரான்ஸ் குறைத்துவிட்டார்கள், லேபலைத் திருப்பிப் பாருங்கள். பேக்கரி ரோல்ஸ், பற்றிஸ், கேக்குக்கு லேபல் கிடையாது. அவற்றை நான் வீட்டுக்குள் எடுப்பதே இல்லை.

கல்முனை உயிரியல் (கல்முனை):

மிஸ்ஸி சொன்னது சரி. தொக்கெலாவ் பற்றித் திருக்கோவில் தம்பி சொன்னதும் உண்மை, ஆனால் அந்தக் கட்டுரையின் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். அங்கே ஒப்பிட்டது இரண்டு தீவுச் சனத்தை. தொக்கெலாவில் சக்தியில் 63 வீதம் தேங்காயிலிருந்து, புக்காபுக்காவில் 34 வீதம். தேங்காய் கூடச் சாப்பிட்ட தொக்கெலாவ் சனத்துக்கு இரத்தக் கொலஸ்ட்ரோல் 35 முதல் 40 புள்ளி வரை கூடத்தான் இருந்தது. இரு இடத்திலும் இருதய நோய் அரிதாக இருந்தது என்பதும் உண்மை. அவர்கள் சாப்பிட்டது மீனும் தேங்காயும் கிழங்கும். சீனியும் பேக்கரிச் சாமானும் மிகக் குறைவு. நாள் முழுக்க உடல் உழைப்பு. நாங்கள் தேங்காயை மட்டும் அந்தத் தீவிலிருந்து எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பேக்கரிக்குப் போகிறோம்.

தென்னந்தோட்டம் (திருக்கோவில்):

சேர், 40 புள்ளி கூட இருந்தது என்பது எனக்குத் தெரியாது. யாரோ அனுப்பிய காணொளியில் பாதிதான் சொன்னார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேங்காயை விட்ட இடத்தில் பாணும் மாஜரினும் வருவதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கல்முனை உயிரியல் (கல்முனை):

அதில் நாங்கள் எல்லோரும் ஒரே கட்சி, தம்பி.

நிந்தவூர் ராத்தா (நிந்தவூர்):

இறாலையும் ஏன் நிறுத்தினீர்கள் புள்ள? எங்கள் வீட்டில் இதே சண்டை. டொக்டர் சொன்னார் என்று வாப்பாவுக்கு இறாலும் கணவாயும் கொடுப்பதில்லை, ஆனால் நெய்ச்சோறும் மாட்டிறைச்சியும் கிழமைக்கு இரண்டு தரம் போகுது.

கல்முனை உயிரியல் (கல்முனை):

ராத்தா, இறாலில் கொலஸ்ட்ரோல் கூடத்தான், 100 கிராமில் 190 மில்லிகிராம் அளவு. ஒரு முட்டை மஞ்சள் கருவில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் இறாலில் நிரம்பிய கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். 1996இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனையில் நாளுக்கு 300 கிராம் அவித்த இறாலை மூன்று கிழமை சாப்பிடக் கொடுத்தார்கள். எல்.டி.எல் 7 வீதம் ஏறியது, எச்.டி.எல் 12 வீதம் ஏறியது, ட்ரைகிளிசரைட் 13 வீதம் இறங்கியது. எங்களில் யார் நாளுக்கு 300 கிராம் இறால் வாங்குகிறோம், இந்த விலையில்? கிழமைக்கு ஒருநாள் முருங்கைக்காயோடு இரண்டாம் பாலில் இறால் குழம்பு வைத்தால் அந்த ரிப்போட்டில் ஒன்றும் தெரியாது. அதே இறாலை மாவில் தோய்த்து, முதல்நாள் எண்ணெயில் பொரித்து, கட்டிப்பாலில் கறி வைத்தால் அது வேறு சாப்பாடு. வாப்பாவுக்கு நெய்யையும் இறைச்சிக் கொழுப்பையும்தான் முதலில் குறையுங்கள். சீனி வருத்தம் இருந்தால் முட்டைக் கணக்கை அவருடைய வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கு கொஞ்சம் இறுக்கமாகச் சொல்வார்கள்.

வாவிக்கரைப் பிள்ளை (கல்லடி):

எல்லோருக்கும் நன்றி. இன்று மத்தியானம் அரைத் தேங்காயில் சொதி வைத்தேன். அம்மா முதல் பயந்தா, பிறகு இரண்டு தரம் ஊற்றிச் சாப்பிட்டா. நாலு மாதத்துக்குப் பிறகு பால்மா இல்லாத தேத்தண்ணியும் இன்றுதான். ஆனால் குளிசை பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அப்பா நாளைக்குக் காசு கொடுக்கப் போகிறார்.

கல்முனை உயிரியல் (கல்முனை):

தங்கச்சி, அப்பாவை நிறுத்துங்கள். முக்கியமாக அந்த சிங்க் அளவுக்காக.

சிங்க் என்பதைப் பாடப்புத்தகத்தில் நாகம் என்று படித்திருப்போம். வளர்ந்தவருக்கு நாளுக்கு 40 மில்லிகிராம்தான் மேல் எல்லை. அந்தப் போத்தல் நாளுக்கு 100 கொடுக்கிறது. கூடிய நாகம் குடலில் செம்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். செம்பு குறைந்தால் கொலஸ்ட்ரோல் ஏறும் என்பது மிருகங்களில் பல தரம் பார்த்த விடயம், இரத்தச்சோகையும் நரம்புக் கோளாறும்கூட வரலாம். 1980இல் சுகதேகி ஆண்கள் 12 பேருக்கு ஐந்து கிழமை நாளுக்கு 440 மில்லிகிராம் நாக சல்பேட் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய எச்.டி.எல் 40இலிருந்து 30க்கு இறங்கியது. நல்ல கொலஸ்ட்ரோலில் கால்வாசி போய்விட்டது. காசு கொடுத்து இதை வாங்க வேண்டுமா?

குரோமியத்துக்குக் கொலஸ்ட்ரோலில் நம்பத்தக்க பலன் இல்லை. மக்னீசியம் நல்ல சத்து, உடம்பில் நூற்றுக்கணக்கான நொதிகளுக்கு அது வேண்டும், ஈரல் கொலஸ்ட்ரோல் செய்யும் நொதியின் ஒழுங்கிலும் அதற்குப் பங்கு இருக்கிறது. ஆனால் குளிசையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஒன்றில் சிறிது இறங்கும், இன்னொன்றில் அசையாது. சாப்பாட்டில் வரும்போது கதை வேறு. பயறு, கௌபி, தவிட்டோடு உள்ள அரிசி, முருங்கைக் கீரை, எங்கள் பக்கத்து மரமுந்திரிகைப் பருப்பு, கச்சான் எல்லாவற்றிலும் மக்னீசியம் இருக்கிறது. கூடவே நாரும் நல்ல கொழுப்பும் சேர்ந்து வருகிறது. பயறு, கௌபியில் உள்ள கரையும் நார் குடலில் பித்தத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகும். பித்தத்தை ஈரல் கொலஸ்ட்ரோலிலிருந்துதான் செய்கிறது. போனதை ஈடுசெய்ய இரத்தத்திலிருந்து இன்னும் அள்ளி எடுக்கும். மிஸ்ஸி சொன்ன அத்தாங்கு அங்கே கூடும்.

கல்சியமும் குடலிலேயே ஒரு வேலை செய்கிறது. கொழுப்பமிலத்தோடு சேர்ந்து கரையாத சவர்க்காரம் போலாகி வெளியே போய்விடும். தயிரும் சீஸும் அதே அளவு கொழுப்புள்ள வெண்ணெயைப் போலக் கொலஸ்ட்ரோலை ஏற்றாததற்கு இது ஒரு காரணம். அதற்காக எருமைத் தயிர்ச் சட்டியை ஒரே இருப்பில் முடிக்கச் சொல்லவில்லை, அதன் கொழுப்பு 7 வீதத்துக்கு மேல். ஒரு சின்னக் கிண்ணம், சீனியோ பாணியோ இல்லாமல், போதும்.

உப்பு கொலஸ்ட்ரோலைத் தொடாது. அது பிரஷருக்கு. கருவாட்டைக் குறைக்கச் சொல்வது அதற்காகத்தான்.

செங்கலடி வயல் (செங்கலடி):

சேர், மிஸ்ஸி, குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். எனக்கு 31 வயது. 58 கிலோதான். வயல் வேலை. வெளியில் சாப்பிடுவது குறைவு, சிகரெட் இல்லை. வெளிநாடு போக மெடிக்கல் எடுத்தபோது எல்.டி.எல் 238 என்றார்கள். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்பா 44 வயதில் வரம்பில் விழுந்து இறந்தவர். மாரடைப்பு என்றார்கள். தேங்காயை நிறுத்தினால் இது இறங்குமா?

பழைய மிஸ்ஸி (ஆரையம்பதி):

தம்பி, நீங்கள் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். இது சாப்பாட்டுப் பிரச்சினை போல எனக்குத் தெரியவில்லை. சில குடும்பங்களில் அந்த ஏற்பி பிறப்பிலேயே பழுதாக வரும். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இருக்கும். தாய் தகப்பன் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி சாத்தியம். எவ்வளவு மெலிந்திருந்தாலும், எதைச் சாப்பிட்டாலும் எல்.டி.எல் பெரும்பாலும் 190க்கு மேலேயே நிற்கும். அப்பா 44இல் போனதையும் உங்கள் 238ஐயும் சேர்த்து அவரிடம் சொல்லுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் உள்ள நாணைத் தடவிப் பாருங்கள், தடித்து முடிச்சுப் போல இருக்கிறதா? இருந்தால் அதையும் காட்டுங்கள். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கல்முனை உயிரியல் (கல்முனை):

தம்பி, மிஸ்ஸி சொன்ன அந்த ஏற்பியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பிரவுன், கோல்ட்ஸ்டைன் என்ற இருவருக்கு 1985இல் நோபல் பரிசு கிடைத்தது. உங்களைப் போன்ற குடும்பங்களை வைத்துத்தான் அவர்கள் ஆராய்ந்தார்கள். மருந்து என்று பயப்பட வேண்டாம். ஸ்டாட்டின் என்ற குளிசைக்கு வழி திறந்தவர் ஜப்பானின் அகிரா எண்டோ. 1970களில் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, அரிசியில் கிடைத்த ஒரு நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். அது ஈரல் தானே கொலஸ்ட்ரோல் செய்வதைத் தடுக்கும். ஈரலுக்குத் தட்டுப்பாடு வரும்போது அது ஏற்பிகளைக் கூட்டி இரத்தத்திலிருந்து எடுக்கும். உங்களைச் சிரித்தவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

செங்கலடி வயல் (செங்கலடி):

இப்போதுதான் தடவிப் பார்த்தேன் மிஸ்ஸி. இரண்டு காலிலும் தடிப்பு இருக்கிறது. அது சப்பாத்து கடித்த தடிப்பு என்று பத்து வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் இருந்தது. திங்கட்கிழமை போகிறேன்.

பழைய மிஸ்ஸி (ஆரையம்பதி):

போய்விட்டு வந்து கட்டாயம் எழுதுங்கள் தம்பி. நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கல்லடி மகள், உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், முதலே கேட்டிருக்க வேண்டும். அம்மா எப்படி இருக்கிறா? களைப்பா? உடம்பு ஊதியிருக்கிறதா? மலச்சிக்கல் உண்டா? குளிர் தாங்குகிறாவா?

வாவிக்கரைப் பிள்ளை (கல்லடி):

மிஸ்ஸி, எப்படிக் கேட்டீர்கள்? அம்மா இந்த வெயிலிலும் ஃபான் போட விடமாட்டா. அப்பா முற்றத்தில் பாய் போட்டுப் படுக்கிறார், அம்மா உள்ளே போர்த்துக்கொண்டு படுக்கிறா. கலியாண மோதிரம் விரலில் இறுகி, சவர்க்காரம் போட்டும் கழற்ற முடியவில்லை. சீப்பு நிறைய முடி. குரல் கரகரத்துப் போய்விட்டது, ஃபோனில் பேசிய சின்னம்மா தடிமனா என்று கேட்டா. வயது போகிறது, கொலஸ்ட்ரோல் கவலை என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

பழைய மிஸ்ஸி (ஆரையம்பதி):

மகள், கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். டி.எஸ்.எச் என்ற ஒரு இரத்தப் பரிசோதனை, தைரொயிட் சுரப்புக் குறைந்தால் அந்த எண் ஏறும். தைரொயிட் சுரப்புக் குறைந்தால் ஈரலின் ஏற்பிகளும் குறையும், எல்.டி.எல் ஏறும். அப்போது எவ்வளவு தேங்காயை நிறுத்தினாலும் இறங்காது. கொலஸ்ட்ரோல் கூடினவருக்கு மருந்து தொடங்க முதல் இதைப் பார்ப்பது வழக்கம், ஆனால் கூட்டமான கிளினிக்கில் தவறிப்போகும்.

நிந்தவூர் ராத்தா (நிந்தவூர்):

தைரொயிட் என்றால் அயடின் குறைவுதானே? கடற்பாசி வாங்கிக் கஞ்சி வைத்துக் கொடுங்கள் புள்ள. அயடின் துளி மருந்தும் இருக்கு.

பழைய மிஸ்ஸி (ஆரையம்பதி):

ராத்தா, நல்ல மனதோடு சொன்னீர்கள், ஆனால் வேண்டாம். அயடின் இல்லாமல் தைரொயிட் சுரக்காது என்பது உண்மை. ஒரு காலத்தில் இங்கே கழுத்துக் கழலை சாதாரணமாகக் கண்டோம். 1995இலிருந்து இலங்கையில் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயம், நாங்கள் கடல் மீனும் சாப்பிடுகிறோம். இப்போது வளர்ந்தவர்களில் பெரும்பாலும் வருவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குகிற வருத்தம். அதற்கு மேலதிக அயடின் கொடுத்தால் இன்னும் மோசமாகலாம். முதலில் பரிசோதனை, பிறகு வைத்தியர் சொல்வது. உப்புப் பையை மட்டும் மூடி வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

வாவிக்கரைப் பிள்ளை (கல்லடி), ஒன்பது நாள் கழித்து:

மிஸ்ஸி, டி.எஸ்.எச் 31. நாலரையோடு நிற்க வேண்டியதாம். குறைந்த தைரொயிட் சுரப்பை ஈடுசெய்ய வைத்தியர் தைரொக்சின் குளிசை தந்திருக்கிறார். கொலஸ்ட்ரோலுக்கு இப்போதைக்கு மருந்து வேண்டாம், தைரொயிட் சரியாக முதல் ஸ்டாட்டின் போட்டால் தசைவலி வரக்கூடும், இரண்டு மாதம் கழித்துப் பார்ப்போம் என்றார். அப்பா அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நண்பர் கோபமாம். பரவாயில்லை.

ஒரு சந்தேகம். எலும்புக்கென்று அம்மா காலையில் கல்சியம் குளிசை போடுகிறா. தைரொக்சினையும் காலையில் போடச் சொன்னார்கள். சேர்த்துப் போடலாமா?

ஆய்வுகூடத் தம்பி (மட்டக்களப்பு):

கூடாது அக்கா. கல்சியமும் இரும்பும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும், உடம்புக்குள் போகாது. தைரொக்சினை விடியப்புறம் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி, ஒரு மணி கழித்துச் சாப்பிட விடுங்கள். கல்சியம் அதிலிருந்து நாலு மணித்தியாலமாவது தள்ளி. மத்தியானச் சாப்பாட்டோடு வைத்தால் மறக்காது. இப்படிச் சேர்த்துப் போட்டுவிட்டு டி.எஸ்.எச் இறங்கவில்லை என்று வருகிறவர்களை நான் கிழமைக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

வாவிக்கரைப் பிள்ளை (கல்லடி), இரண்டரை மாதம் கழித்து:

எல்லோரும் இருக்கிறீர்களா? இன்று ரிப்போட் வந்தது. டி.எஸ்.எச் 5.8, குளிசையைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். மொத்தம் 214, எச்.டி.எல் 50, ட்ரைகிளிசரைட் 120. தம்பி சொல்லித்தந்த கணக்கை அம்மாவே கொப்பியில் போட்டா. 214இல் 50 போக 164, அதில் 24 போக 140. இன்னும் இறங்க வேண்டும் என்று வைத்தியர் சொன்னார், ஆனால் 180இலிருந்து இவ்வளவு வந்திருக்கிறது.

சாப்பாடு இப்போது காலையில் குரக்கன் புட்டு அல்லது அவித்த கௌபி. அரைத் தேங்காய் மூன்று பேருக்கும் ஒரு நாளைக்கு. பொரியல் நல்லெண்ணெயில், கொஞ்சமாக. சாளையும் சூடையும் கிழமைக்கு மூன்று நாள், ட்ரைகிளிசரைட் இறங்கியதற்கு அதுவும் பாணை விட்டதும் காரணம் என்று நினைக்கிறேன். பேக்கரிச் சாமான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்கினோம். வாசலில் இருந்தே விலை கேட்டுப் பேரம் பேசியது அம்மாதான், அந்தப் பழைய குரலில். ஃபான் போட்டுத்தான் படுக்கிறா. மோதிரம் கழன்றது.

தென்னந்தோட்டம் (திருக்கோவில்):

தங்கச்சி, கண் கலங்கிவிட்டது. நானும் போன மாதம் போய்ப் பார்த்தேன், எல்.டி.எல் 158. மனுசி முதற்பாலைத் தனியாக எடுத்துவைத்து விசேஷ நாளைக்கு என்கிறா. நானும் ஓம் என்றுவிட்டேன்.

பழைய மிஸ்ஸி (ஆரையம்பதி):

மகள், நல்ல செய்தி. டி.எஸ்.எச் சரியான பிறகு எல்.டி.எல்லை இன்னொரு தரம் பார்க்க மறக்க வேண்டாம். மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும், மருந்து வேண்டுமா என்பதையும் அப்போதுதான் முடிவெடுப்பார்கள்.

செங்கலடித் தம்பியைக் காணவில்லை. யாருக்காவது தெரியுமா?

செங்கலடி வயல் (செங்கலடி):

இருக்கிறேன் மிஸ்ஸி. அறுவடை, அதனால்தான் எழுதவில்லை. நீங்கள் சொன்னதுதான். காலைப் பார்த்தவுடனேயே வைத்தியர் கதிரையை இழுத்துப்போட்டு இருத்தி வைத்துக் குடும்பக் கதை முழுவதும் கேட்டார். ஸ்டாட்டின் தொடங்கி ஆறு கிழமை, 238 இப்போது 131. இன்னும் இறக்க வேண்டுமாம், அளவைக் கூட்டியிருக்கிறார். ஈசிஜியில் பிழை ஒன்றும் இல்லை. தம்பியைப் பாடசாலை விட்டதும் நேரே கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு 17 வயது, 204. அவனுக்கும் மருந்து எழுதியிருக்கிறார்கள். தங்கச்சி ஊசிக்குப் பயந்து வரமாட்டேன் என்று நின்றாள், அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நேற்று இரத்தம் கொடுத்தாள். ரிப்போட் வெள்ளிக்கிழமை.